கொலம்பஸ் (ஒஹாயோ ஸ்டேட் ஊர்), ஆன் ஆர்பர் (மிச்சிகன் ஊர்) பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: காலேஜ் ஃபுட்பால் சாம்பியன் கணக்கு

கேள்வி
செப்டம்பர் பிறந்தால் ஆபீஸில் இந்த அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால் பேச்சுதான். ரூல்ஸ் ஓரளவு பிடிபட்டுவிட்டது. சாம்பியனை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. பாயிண்ட்ஸ் டேபிள் எங்கே கிடைக்கும்?

பதில் 1
பாயிண்ட்ஸ் டேபிளைத் தேடாதீர்கள் தம்பி. கான்ஃபரன்ஸ் எனப்படும் ஒவ்வொரு டீம் குழுவுக்கும் ஒன்று உண்டு, நாடு முழுக்கச் சேர்த்து ஒன்று கிடையாது. மூல வியாதியே அதுதான்.

எஃப்பிஎஸ் எனப்படும் மேல்தட்டில் 130க்கு மேற்பட்ட டீம்கள். ஒவ்வொன்றும் ஆடுவது 12 லீக் மேட்ச். ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸில் (பெயர்தான் பத்து, உள்ளே 18 டீம்) அதில் 9 உள்ளுக்குள்ளேயே முடிந்துவிடும். மீதி 3-இல் ஒன்றிரண்டு சோப்ளாங்கி டீமோடு. 2024-இல் சிஎஸ்கே நெட் ரன் ரேட்டில் ஆர்சிபியிடம் ப்ளேஆஃப் இடத்தை விட்டபோது வயிறு எரிந்தாலும் கணக்கு கண்முன்னே இருந்தது. இங்கே 13 பேர் கமிட்டி ஒன்று டெக்சாஸில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டு டீம்களை வரிசைப்படுத்தும், அதை வைத்துத்தான் ப்ளேஆஃப் இடம்.

அவர்கள் பட்டியல் நவம்பரிலிருந்து செவ்வாய்தோறும் வரும். கான்ஃபரன்ஸ் ஃபைனல்கள் முடிந்த மறுநாள், டிசம்பர் முதல் வார ஞாயிறு, கடைசிப் பட்டியல். ஏபி செய்தி நிறுவனத்துக்காக நிருபர்கள் போடும் இன்னொரு பட்டியல் சீசன் முழுக்க டிவியில் ஓடும். அதற்கும் ப்ளேஆஃப் இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. புதிதாக வருபவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்.

முன்பு அந்தப் பட்டியலேதான் பட்டம். 1936-இலிருந்து நிருபர்கள் ஓட்டு, 1950-இலிருந்து கோச்சுகள் ஓட்டு. இரண்டும் முட்டிக்கொண்டு 1997-இல் மிச்சிகன் ஒரு சாம்பியன், நெப்ராஸ்கா ஒரு சாம்பியன். 1998 முதல் 2013 வரை பிசிஎஸ்: ஓட்டையும் கம்ப்யூட்டரையும் கலந்து இரண்டே டீமை ஃபைனலுக்கு அனுப்பினார்கள். 2004-இல் ஒரு மேட்ச்கூடத் தோற்காத ஆபர்ன் வெளியே நின்றது. 2014-இலிருந்து 4 டீம் ப்ளேஆஃப், 2024-இலிருந்து 12. ஒரு வேடிக்கை: கல்லூரி விளையாட்டையே நிர்வகிக்கும் என்சிஏஏ இந்த மேல்தட்டுக்கு மட்டும் கோப்பை கொடுப்பதில்லை. அடுத்த தட்டான எஃப்சிஎஸ்ஸுக்கு அதுவே 24 டீம் நாக் அவுட்டை ஒழுங்காக நடத்துகிறது.

பதில் 2
அண்ணன் சொன்னது சரி. ப்ளேஆஃபில் எத்தனை டீம் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள்: 12-ஆ, 16-ஆ, 24-ஆ என்று. கோளாறு அங்கே இல்லை, எந்த மைதானத்தில் ஆடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

2024 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரேகான் 13-0 (13 வெற்றி, தோல்வியே இல்லை), முதலிடம். பரிசாக முதல் சுற்று 'பை', அதாவது ஆடாமலே காலிறுதி. டிசம்பர் 7-இல் பிக் டென் ஃபைனல், அடுத்த ஆட்டம் ஜனவரி 1, நடுவில் 25 நாள் சும்மா. அதுவும் சொந்த மண்ணில் இல்லை, ரோஸ் பவுலில் (பவுல் என்பது பொது ஊரில் நடக்கும் பேர்போன பழைய ஆட்டம்). எதிரே அக்டோபரில் 32-31 என்று தாங்களே ஜெயித்த ஒஹாயோ ஸ்டேட். அந்த ஒஹாயோ ஸ்டேட் நவம்பர் கடைசியில் சொந்த ஊரில் மிச்சிகனிடம் 13-10 தோற்று, கான்ஃபரன்ஸ் ஃபைனலுக்கே போகாமல், 8-ஆம் இடத்தில் நுழைந்த டீம். அந்த 8-ஆம் இடத்தால் முதல் சுற்றைச் சொந்த ஊரான கொலம்பஸிலேயே ஆடி, டென்னஸியை 42-17 என்று நசுக்கி, சூடாக வந்தது. முடிவு 41-21. கடைசியில் கோப்பையும் அவர்களுக்கே. அந்த வருஷம் பை வாங்கிய நான்கு டீமும் தங்கள் முதல் ஆட்டத்திலேயே அவுட். முதல் சுற்றைச் சொந்த ஊரில் ஆடிய நான்கு டீமும் வெற்றி. முதலிடத்துக்குப் பரிசா தண்டனையா?

மருந்து எளிது. காலிறுதியை முதல் நான்கு டீமின் சொந்த மைதானத்தில் வையுங்கள், அரையிறுதியிலிருந்து பவுல்களுக்குப் போங்கள். நடக்காததற்குக் காரணம் ரோஸ், ஷுகர் போன்ற பழைய பவுல்களின் ஒப்பந்தமும் டிவி காசும். ஜனவரியில் பனி கொட்டுமே என்பார்கள். க்ரீன் பேயில் என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால் லீக்) அந்தப் பனியில்தான் ஆடுகிறது.

அடுத்து கமிட்டி. அதை ஒழித்துவிட்டு ஃபார்முலா ஒன்றைப் போட வேண்டும். 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0, ஏசிசி கான்ஃபரன்ஸ் சாம்பியன். க்வார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) அடிபட்டுவிட்டார், இனி இந்த டீம் தாங்காது என்று முதல் நான்கில் சேர்க்கவில்லை. ஒரு தோல்வியோடு அலபாமா உள்ளே. 'இனி எப்படி ஆடுவார்கள்' என்பது ஜோசியம். ஆடியதை வைத்துத்தான் இடம் கொடுக்க வேண்டும்.

பதில் 1
ஜோசியம் கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சிதான். ஃபார்முலா விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பிசிஎஸ் காலத்துக் கம்ப்யூட்டர் கணக்குகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. எத்தனை பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்பதையும் சேர்த்ததால், ஜெயித்த ஆட்டத்திலும் நோஞ்சான் டீமை விடாமல் அடித்தார்கள். 2002-இல் அதை எடுக்க வேண்டியதாயிற்று. பேஸ்கட்பாலில் ஆர்பிஐ என்று ஒரு ஃபார்முலா, அதன் ஓட்டைக்கு ஏற்ப அட்டவணை போடவே கோச்சுகள் கற்றுக்கொண்டார்கள். 2018-இல் தூக்கிவிட்டு நெட் என்று வேறொன்று கொண்டுவந்தார்கள்.

கமிட்டி இருக்கட்டும், கையைக் கட்டிப் போடுங்கள். கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு முதலில் இடம். மீதியில் இரண்டு டீம் சமமாக வந்தால் நேருக்கு நேர் முடிவுதான் முதல் அளவுகோல், முதல் வாரத்திலிருந்தே. 2025-இல் மயாமியும் நோட்டர் டேமும் 10-2. சீசன் தொடக்கத்தில் மயாமி 27-24 ஜெயித்திருந்தது. ஆனாலும் வாராவாரம் பட்டியலில் நோட்டர் டேம்தான் மேலே. கடைசி ஞாயிறன்று, அந்த வாரம் இருவருமே ஆடாத நிலையில், திடீரென்று மயாமி மேலே ஏறியது, நோட்டர் டேம் வெளியே. இடம் கொடுத்தது நியாயம், கொடுத்த விதம் அநியாயம்.

24 டீம் யோசனைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். 12 மேட்சில் நாலு தோற்றவனும் உள்ளே வந்தால் நவம்பர் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?

பதில் 3
கணக்கை அவர்கள் பேசட்டும், ஊர் விஷயம் நான் சொல்கிறேன். கொலம்பஸ், ஆன் ஆர்பர் இரண்டு ஸ்டேடியமும் லட்சம் பேருக்கு மேல் கொள்ளும். ஹோம் மேட்ச் சனிக்கிழமையில் கேம்பஸ் பக்கம் பட்டேல் கடைக்குக் காரை எடுக்காதீர்கள். ஆட்டம் 12 மணியா, மூன்றரையா, ஏழரையா என்பது பல மேட்சுகளுக்கு 12 நாள் முன்புதான் தெரியும், சிலதுக்கு 6 நாள்தான். கிரகப்பிரவேசம், வளைகாப்புக்கு ஹால் பிடிக்கும் முன் மேட்ச் தேதிகளைப் பாருங்கள். நவம்பர் கடைசிச் சனியை, அதாவது ஒஹாயோ-மிச்சிகன் நாளை, அடியோடு விட்டுவிடுங்கள்.

டிக்கெட் கிடைத்துப் போனால் கைக்குழந்தைப் பையை நம்பாதீர்கள். பெரும்பாலான ஸ்டேடியங்களில் 12-க்கு 6-க்கு 12 இன்ச் அளவுள்ள, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைதான் அனுமதி. வாசலில் திருப்பி அனுப்பினால் கார் பார்க்கிங் ஒரு மைல் தள்ளி இருக்கும். கொலம்பஸில் அன்றைக்கு நீலத்தில் மஞ்சள் போட்ட சட்டை வேண்டாம். அது மிச்சிகன் நிறம்.