மறு: மறு: சதர்லாந்தின் ‘பயோமார்ஃபிக்’ தமிழில்?

ப. >
ஓவியக் கல்லூரிப் பாடக்குறிப்பு வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். ஆங்கிலேய ஓவியர் கிரகாம் சதர்லாந்து பற்றிய பகுதி இடிக்கிறது. நார்தாம்டன் செயின்ட் மத்தேயு தேவாலயத்துச் ‘சிலுவையேற்றம்’ (1946) படத்தையொட்டி முட்செடிகளை வரையத் தொடங்கியவர், 1950 வாக்கில் ‘நிற்கும் உருக்க’ளுக்கு வந்துவிடுகிறார்: வேரா எலும்பா என்று தெரியாத ஒன்று, வேலிப்புதர் முன் ஆள்போல நிற்கும். உயிருள்ளவற்றின் வடிவை நினைவூட்டும் இந்த ‘பயோமார்ஃபிக் அப்ஸ்ட்ராக்‌ஷன்’ பழைய குறிப்பில் ‘கரிம வடிவ அருவம்’ என்றிருக்கிறது. கரித்துண்டால் வரைந்தது என்றே மாணவர் எழுதுவர்.

க. >
கரிமம் வேதியியலோடு நிற்கட்டும். இலங்கையில் ‘சேதனப் பசளை’ என்கிறோமே, ‘சேதன உரு’ என்றால் என்ன? சேதனம் அறிவுள்ளது, அந்த முள்ளும் அப்படித்தான் நம்மைப் பார்க்கிறது.

ப. >
இங்கே ‘சேதமான உரு’ என்று படித்துவிடுவார்கள் ஐயா.

செ. >
உயிருரு. மானிடவியலாளர் ஹாடன் 1895இல் அலங்காரக் கலை பற்றி எழுதும்போது உயிரிகளிலிருந்து பிறந்த வடிவத்தைத்தான் ‘பயோமார்ஃப்’ என்றார். 1930களில் விமர்சகர் கிரிக்சனும் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தின் பாரும் அதை நவீன ஓவியத்துக்குக் கொண்டுவந்தனர். பார் இதை வடிவகணித அருவத்துக்கு எதிர்நிலையில் வைத்தார். நம் சொல்லும் அந்த ஜோடிக்குப் பொருந்த வேண்டும்.

நா. >
தொல்காப்பிய உவமவியலில் வினை, பயன், மெய், உரு. அங்கே மெய்தான் வடிவு, உரு நிறம். ஆகவே பயோமார்ஃப் = உயிர்மெய். ஈராயிரம் ஆண்டாகக் கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைகிறீர்கள்?

செ. >
தேர்வுத்தாளில் ‘க் + அ = க’ என்று விடை வரும், பரவாயில்லையா?

க. >
‘அருவ’மும் சரியில்லை. சதர்லாந்தின் முறையைப் பாருங்கள்: வெளியே சிறு ஏட்டில் மையும் வண்ணமுமாகக் குறிப்பு, அதன்மேல் கட்டம், பிறகு கட்டம் கட்டமாகக் கித்தானில் பெருக்கல். செடி சுற்றுப்புறத்திலிருந்து கழன்று வருகிறது, உருவம் போகவில்லை. சைவ சித்தாந்தத்தில் இதற்கு அருவுருவம் என்று சொல்லே உண்டு.

ப. >
தேவாலய ஓவியருக்கு இலிங்கத்தின் சொல்லா! துறைத்தலைவர் ஒப்பமாட்டார்.

செ. >
சதர்லாந்தே தம் வேலையைப் ‘பாராஃப்ரேஸ்’ என்றார். பொழிப்புரை! முட்செடிக்குப் பதவுரை எழுதியிருந்தால் முள்முள்ளாக எண்ணியிருப்பார். பொழிப்பு எழுதியதால் முட்கள் சிலுவையாகத் திரண்டன. கலைச்சொல் எதுவானாலும் இந்த வரி குறிப்பில் இருக்கட்டும்.

க. >
1951 பிரிட்டன் விழாவுக்குத் தீட்டிய ‘நிலத்தின் தோற்றுவாய்’, நான்கு மீட்டருக்கு மேல் உயரம், பாதி பாறையடுக்கு. அதுவும் உயிருருவா?

செ. >
கல் உயிர்போல நெளிவதுதானே இங்கே விஷயம்.

ப. >
குழுவில் உயிருருவுக்கு நால்வர், உயிர்மெய்க்கு ஒருவர், சேதனத்துக்கு ஒருவர். ‘உயிருரு அருவ ஓவியம்’ என்று போடுகிறேன். முதல் இடத்தில் ‘பயோமார்ஃபிக்’ அடைப்புக்குள் வரும். பொழிப்புரை வரியும் சேர்ந்தது.

க. >
உருவும் அருவும் அடுத்தடுத்து! அதற்கு அருவுருவமே தேவலை.

நா. >
போடுங்கள். தொல்காப்பியப்படி ‘உயிர்நிறம்’ என்று அச்சாகிறது, அவ்வளவுதான்.