நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் தீவில் ஒரு வாரம்: வேட்டை, மீன்பிடி அனுபவங்கள்

தென்கரையான்:
மே மாதத்தில் போர்ட் அட்வென்ச்சர் பக்கம் எங்களுக்கு வேட்டைப் பகுதி ஒதுக்கப்பட்ட வாரம் அது. அரிசி, மாவு, எண்ணெய் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் கடலிலும் காட்டிலும் தேடிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தோம். ப்ளூ காட் மீனுக்குக் குறைவே இல்லை; மான்தான் கண்ணில் படவில்லை. ஒரு விடியற்காலையில், கடல் வற்றியிருந்தபோது, கரையில் ஒதுங்கிய கெல்ப் பாசியை ஒரு பெண் மான் மேய்ந்துகொண்டிருந்தது. நாடா போன்ற பாசியைப் பல்லால் பற்றித் தலையைச் சாய்த்து இழுத்தது. அது அறுந்ததும் அப்படியே நின்று மென்றது. வாயோரத்தில் நீர் வடிந்துகொண்டிருந்தது. ஒரே குண்டில் விழுந்தது. குடலை எடுக்கும்போது இரைப்பையில் இலைகளோடு அந்தப் பாசித் துண்டுகளும் நிறம் மாறாமல் கிடந்தன. நாங்கள் எந்தக் கரையை நம்பிச் சென்றிருந்தோமோ, அதே கரையை நம்பித்தான் அதுவும் வந்திருந்தது. இறைச்சியை ஒரு துண்டுகூட வீணாக்காமல் உண்டோம். ஆயினும் அது மென்றுகொண்டிருந்த அந்தச் சில நொடிகள் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

பெரணிக்காடு:
என் அனுபவம் மேசன் விரிகுடாவின் மணல்மேடுகளுக்குப் பின்னால் நிகழ்ந்தது. நல்ல பகல் வெளிச்சம். பத்தடி தொலைவில் பெரணிகள் அசைந்தன. உள்ளே பழுப்பு நிறம் தெரிந்தது. படுத்திருக்கும் மானின் முதுகு என்றே மனம் சொன்னது. துப்பாக்கியைத் தாழ்த்தியபடியே காத்திருந்தேன். வெளியே வந்தது டோகோயேகா, இத்தீவின் கிவி. பிற இடங்களில் இரவில் நடமாடும் இப்பறவை இங்கே பகலிலும் இரை தேடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். என் காலணிக்கு முன்னால் நின்று, நீண்ட அலகை அடிவரை மண்ணில் செருகி, மூக்கடைத்தவர் மூச்சு விடுவது போன்ற ஓசையுடன் மோப்பம் பிடித்தது. சுடும் பொருள் இன்னதென்று ஐயமறத் தெரிந்த பின்னரே விசையைத் தொட வேண்டும் என்ற விதியை அன்றிலிருந்து ஒவ்வொரு புதியவருக்கும் முதலில் சொல்லி வருகிறேன்.

அலைவாசி:
தென்கரையான் அவர்களே, பெண் மானைச் சுட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. மே மாதத்தில் குட்டி இன்னும் தாயின் பின்னால்தான் திரியும். அப்பகுதியில் நானும் தங்கியிருக்கிறேன். என் எதிரே வந்த தாய் மான் முன்காலால் தரையை உதைத்து எச்சரித்துவிட்டு, வெள்ளை வாலை உயர்த்திக்கொண்டு ஓடியது; குட்டியும் அதே வழியில் ஓடியது. அன்று நான் சுடவில்லை. மீன் போதுமான அளவு கிடைக்கும் கரையில் மானுக்கு என்ன அவசரம்?

பாவா_சேகரிப்பவர்:
அலைவாசி அவர்களின் இரக்கத்தை மதிக்கிறேன், கருத்தை ஏற்கவில்லை. கோடையில் பிறந்த குட்டி மே மாதத்திற்குள் தானாக மேயத் தொடங்கிவிடும். மேலும், இவை 1905-இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மான்கள். இவற்றைக் கொன்று தின்னும் விலங்கு எதுவும் இத்தீவில் இல்லை. இளம் மரக்கன்றுகளை அவை மேய்ந்துவிடுவதால் சில மரங்கள் தலையெடுக்கவே முடிவதில்லை. இனத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் பெண் மானைத்தான் சுட வேண்டும்.

என் அனுபவம் சிறியது. பாறையில் ஒட்டி வாழும் கடல் நத்தை வகையான பாவா சிப்பிக்காக மூச்சடக்கி மூழ்கியபோது, பாசிக்கிடையிலிருந்து ஒரு கடற்சிங்கம் என் முகக்கண்ணாடிக்கு ஒரு முழ தூரத்தில் வந்து நின்று என்னையே பார்த்தது. அதன் மீசை மயிர்களை எண்ணியிருக்கலாம். உடனே கரையேறிவிட்டேன்.

புதிதாகச் செல்வோருக்குச் சில செய்திகளைச் சொல்லியே ஆக வேண்டும். காற்று உருளையுடன் மூழ்கிப் பாவா எடுக்கச் சட்டம் இடம் தராது. ஓடு 125 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எடுத்த பாறையிலேயே, ஓடு மேலே இருக்கும்படி ஒட்டவைத்துவிடுங்கள். பாவாவின் இரத்தம் உறையாது. கத்தியால் நெம்பிச் சதை கிழிந்தால், திருப்பி விட்டாலும் அது செத்துவிடும். ஆகவே மழுங்கிய விளிம்புள்ள நெம்பியைப் பயன்படுத்துங்கள். நச்சுப்பாசி பெருகும் காலத்தில் மட்டிகளில் சேரும் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது என்பதால், புறப்படும் முன் அரசின் எச்சரிக்கை அறிவிப்பைப் பாருங்கள். மான் இறைச்சியை மெல்லிய துணிப்பையில் இட்டு, காற்றோடும் நிழலில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் விரைவில் கெட்டுவிடும்.