ம்யூனிக்கில் ஆண்டுக்கு 60,000 யூரோ, நான்கு பேர் குடும்பம்: கட்டுப்படியாகுமா?

கேள்வி

வணக்கம். ஜெர்மனியில், ம்யூனிக்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு 60,000 யூரோ, ப்ளூ கார்டு விசா. மனைவியும் இங்கே இந்தியாவில் வேலை பார்க்கிறார், மகளுக்கு 8 வயது, மகனுக்கு 3. நூறால் பெருக்கினால் 60 லட்சம் வருகிறது, இங்கே எனக்கு 24 லட்சம்தான், அதனால் கேட்டவுடனே சரி சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இணையத்தில் ஒரு கால்குலேட்டர் மாதச் செலவு 4,300 என்கிறது, இன்னொன்று 2,900 என்கிறது. சம்பளம் போட்டுப் பார்க்கிற கால்குலேட்டரிலும் அதே கூத்து, ஒரு தடவை கைக்கு 3,100 வரும் என்கிறது, ஒரே ஒரு கட்டத்தை மாற்றினால் 3,500 என்கிறது. எதை நம்புவது? வீட்டுக் கடன் இஎம்ஐ 38,000 ரூபாய் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெச்ஆரில் கேட்டால் குடும்பத்தோடு வசதியாக இருக்கலாம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பதில் 1

நீங்கள் மாற்றிய அந்தக் கட்டம் வரி வகுப்பு, அதாவது குடும்ப நிலையைப் பார்த்து மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று பிரிக்கிற வகை. இரண்டு எண்ணுமே சரிதான். முதல் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இருந்தால் 3,100ஐ ஒட்டி வரும், மனைவிக்கு வருமானம் இல்லை என்று மூன்றாம் வகுப்புக்குப் போனால் 3,500. அதற்கு மேல் ஒரு பிள்ளைக்கு மாதம் 259 யூரோ கிண்டர்கெல்ட், அதாவது பிள்ளைகளுக்காக அரசு தரும் உதவித்தொகை, வரும் (2026இல் அதுதான் தொகை), இரண்டு பேருக்கு 518. ஆக 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். 60,000 சம்பளத்துக்குப் பொதுக் காப்பீடு கட்டாயம், வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளைகளும் உங்கள் சந்தாவிலேயே தனிக் கட்டணமில்லாமல் அடங்கிவிடுவார்கள். பள்ளிக்கும் கட்டணம் இல்லை.

பதில் 2

அப்புறம் என்ன நண்பரே, இறங்கியதும் மூன்றாம் வகுப்பு போட்டுக்கொள்ளுங்கள், முதல் மாதத்திலிருந்தே 4,000 கையில். தாராளமாகப் போதும்.

பதில் 3

பதில் 2இல் சொன்னதை நம்பிப் போய்விடாதீர்கள், நான் அடிபட்டதே அந்த இடத்தில்தான். மனைவி ஊரில் இருக்கும்வரை உங்களை முதல் வகுப்பில்தான் வைப்பார்கள். அவர் ஜெர்மனிக்கு வந்து முகவரிப் பதிவு, அதாவது ஆன்மெல்டுங், செய்த பிறகுதான் மூன்றாம் வகுப்பு கேட்க முடியும். கிண்டர்கெல்டும் அப்படித்தான், பிள்ளைகள் அங்கே வந்து, அவர்களுக்கு வரி எண் கிடைத்து, விண்ணப்பம் போட்டு, அது நகர்ந்து வர மாதங்கள் ஆகும். முந்தைய ஆறு மாதம் வரைக்குமான தொகையைச் சேர்த்துத் தருவார்கள், ஆனால் வாடகை அதுவரை காத்திருக்காதே. இன்னொரு கூத்தும் உண்டு. முகவரி பதிவு செய்ய விடாத தற்காலிக வீட்டில் போய்த் தங்கினால் வரி எண் வராது, எண் இல்லாவிட்டால் ஆறாம் வகுப்பில், வரி மிக அதிகமாகப் போகிற வகுப்பில், பிடித்துவிடுவார்கள். எனக்கு இரண்டாவது மாதம் வந்த சம்பளத்தைப் பார்த்துத் தப்புக் கணக்கு என்று சண்டைக்கே போனேன். பிறகு திரும்பி வந்தது, அது வேறு கதை.

அதனால் மாத வரவைப் பார்ப்பதற்கு முன்னால் முதல் ஆறு மாதத்தைத் தனியாக எழுதிப் பாருங்கள். நீங்கள் முன்னால் போய் குடும்பம் பிறகு வருவதாக இருந்தால் வரவு 3,100தான். செலவில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஃபர்னிஷ்டு வீடு, அது சாதாரண வாடகையை விட அதிகம். பிறகு நிரந்தர வீடு கிடைத்ததும் முன்பணம், சட்டப்படி மூன்று மாத கால்ட்மீட்டே வரை கேட்கலாம். அதை மூன்று தவணையாகக் கட்டவும் சட்டம் இடம் கொடுக்கிறது, வீட்டுக்காரர் தானாக அதைச் சொல்ல மாட்டார். அப்புறம் சமையலறை. பல வீடுகளில் வெறும் சுவரும் தண்ணீர்க் குழாயும்தான் இருக்கும், அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் நாம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்கிறவரிடம் அப்லோஸே என்று ஒரு தொகை கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். நான் 9,000 யூரோ கொண்டுபோனேன், மூன்றாவது மாதம் ஊரில் தம்பியிடம் கை நீட்டினேன்.

கேட்டவர்

இதெல்லாம் யாருமே சொல்லவில்லை ஐயா. கால்ட்மீட்டே என்றால் என்ன? வீட்டு விளம்பரங்களில் 1,700 என்று போட்டிருக்கிறது, அதைத்தான் வாடகை என்று கணக்கில் எடுத்திருக்கிறேன்.

பதில் 3

அது வெறும் வீட்டுக்கு மட்டும். வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்த்தால் வார்ம்மீட்டே, உங்கள் விளம்பரத்துக்கு 2,000 என்று போடுங்கள். மின்சாரமும் இணையமும் அதற்கும் வெளியே. வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, வீட்டில் டிவியே இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கை வைத்துச் சொல்கிறேன், நாங்களும் நான்கு பேர். மின்சாரம், இணையம் வகையில் 150, மளிகையும் வீட்டுச் சாமானும் 750, பெரியவர்கள் இரண்டு பேருக்கு ஜெர்மனி டிக்கெட், அதாவது பஸ், ரயிலுக்கான மாதச் சீட்டு, தலா 63 வீதம் 126. உங்கள் இஎம்ஐ 380. வாடகையோடு கூட்டினால் 3,400 ஆகிறது. எல்லாம் சீரான பிறகும் 600 யூரோதான் மிஞ்சுகிறது, அதில்தான் பையனின் கிண்டர்கார்டன், குளிர்காலத் துணிமணி, ஊருக்கு வந்து போக நான்கு டிக்கெட். சமாளிக்கலாம், சேமிப்பை மறந்துவிடுங்கள். இதே 60,000 லைப்சிக்கில் என்றால் நானே போங்கள் என்பேன், வாடகையில் அவ்வளவு வித்தியாசம். வீட்டுக்காரர்கள் பலரும் கைக்கு வரும் சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்காவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். 2,000க்கு 6,000 வேண்டும், உங்களுக்கு அதில் பாதிதான்.

பதில் 4

தம்பி, உங்கள் கேள்வியில் மனைவியும் வேலை பார்க்கிறார் என்று ஒரு வரி இருக்கிறது, அதற்கப்புறம் அவருடைய சம்பளத்தை எந்தக் கணக்கிலும் காணோமே? எவ்வளவு அது?

கேட்டவர்

14 லட்சம் அக்கா.

பதில் 4

அப்படியென்றால் 24ஐயும் 60ஐயும் ஒப்பிடக் கூடாது, உங்கள் வீட்டு வருமானம் 38. அதையும் வரி, வாடகை எல்லாம் போக மாதம் மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்து, பதில் 3இல் வந்த 600க்குப் பக்கத்தில் வையுங்கள். மிச்சத்தைத்தான் மிச்சத்தோடு ஒப்பிட வேண்டும்.

ப்ளூ கார்டில் போகிறவரின் மனைவிக்கு வேலை பார்க்கத் தடையில்லை, விசாவுக்கு ஜெர்மன் தேர்வும் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் மொழி இல்லாமல் வேலை கிடைப்பது அவர் துறையைப் பொறுத்தது. அதைவிடப் பெரிய விஷயம், தொடக்கப் பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். எட்டு வயதுப் பெண்ணை மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ள ஹோர்ட் மாதிரி ஓர் இடம் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம், பையனுக்குக் கிண்டர்கார்டனில் இடம் வேண்டும். சட்டப்படி ஒரு வயது முதல் பிள்ளைக்கு உரிமை உண்டு, காத்திருப்புப் பட்டியல் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. பெர்லினில் கட்டணமே இல்லாமல் சாப்பாட்டுக்கு மட்டும் 23 யூரோ வாங்குகிறார்கள், மற்ற ஊர்களில் அவரவர் விதி. நான் இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பதில் 1

60,000 என்பது 2026க்கான ப்ளூ கார்டு வரம்பு 50,700ஐத் தாண்டுகிறது, அதனால் விசாவில் சிக்கல் இல்லை. அதைக் காட்டி நல்ல சம்பளம் என்று சொன்னால் ஏமாறாதீர்கள், அது விசாவுக்கான வாசற்படி மட்டும்தான்.

பேரம் பேசும்போது ஒரு விஷயம். போனஸ் தருகிறோம் என்றால் அது சம்பளத்தோடு சேர்ந்து வரி பிடித்தபிறகுதான் வரும், போனஸ் 4,000 என்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சும். அதற்குப் பதில் இடமாற்றச் செலவை, அதாவது பயணச்சீட்டு, சாமான் அனுப்பும் செலவு மாதிரி, பில் காட்டி வாங்கிக்கொள்கிறேன் என்று கேளுங்கள். உரிய வரம்புக்குள் நிறுவனம் அதை வரியில்லாமல் கொடுக்கலாம். எந்தெந்தச் செலவு அடங்கும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஆன்மெல்டுங் படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கேள்வி வரும். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டண்ட் என்று எழுதினால் வருமான வரியின் மேல், ம்யூனிக் இருக்கிற பவேரியா மாநிலத்தில், 8 சதவீதம் தேவாலய வரி. தெரிந்தே எழுதினால் சரி, தெரியாமல் எழுதிவிட்டுச் சம்பளச் சீட்டைப் பார்த்து விழிக்கிறவர்கள் உண்டு.

பதில் 2

மூன்றாம் வகுப்பு விஷயத்தில் நான் சொன்னது தப்பு. நான் போனபோது மனைவியும் கூடவே வந்ததால் எனக்கு அந்த இடைவெளியே தெரியவில்லை.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஹெச்ஆரில் பேசினேன். வெள்ளிக்கிழமை முடியாது, அடுத்த திங்கள் வரை வேண்டும் என்றேன், ஒப்புக்கொண்டார்கள். 68,000 கேட்டேன், 65,000 வரை வருவதாகச் சொல்கிறார்கள், போனஸுக்குப் பதில் பயணம், சாமான், முதல் இரண்டு மாதத் தற்காலிக வீடு மூன்றையும் பில்லுக்குத் தர முடியுமா என்று விசாரித்துச் சொல்வார்களாம். அந்த வீட்டில் முகவரி பதிவு செய்ய முடியுமா என்று கேட்டதும் அந்தப் பெண் சிரித்துவிட்டார், இதைக் கேட்டுக்கொண்டு வருகிற முதல் ஆள் நான்தானாம்.

வீட்டில் உட்கார்ந்து அக்கா சொன்ன மாதிரி மிச்சத்தையும் மிச்சத்தையும் பக்கத்தில் எழுதினோம். இங்கே இப்போது மாதம் 90,000 ரூபாய் மிஞ்சுகிறது, அதாவது 900 யூரோ. அங்கே 65,000 வந்தாலும் மனைவி வேலைக்குப் போகும்வரை அதைத் தொட மாட்டோம் போலிருக்கிறது. காகிதத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் தன் நிறுவனத்தில் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அதற்குப் பதில் வந்ததும் எழுதுகிறேன்.