கழல மறுக்கும் ஆயில் ஃபில்டர்: வழி சொல்லுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். என்னுடைய 650 சிசி பைக்கில், கார்களில் உள்ளதைப் போலத் திருகிக் கழற்றும் டப்பா வடிவ ஆயில் ஃபில்டர் இருக்கிறது. நேற்று ஆயிலை வடித்துவிட்டு அதைத் திருப்பியபோது இம்மியும் அசையவில்லை. ரப்பர் வளையத்தில் சிறிது ஆயில் தடவி, வளையம் இன்ஜினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று இறுக்கினாலே போதும் என்றிருக்க, சென்ற முறை மாட்டியவர் ஸ்பேனர் போட்டு முறுக்கியிருக்கிறார் போலும். வடிப்பதற்கு முன்பே சோதித்திருந்தால் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கியிருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை.

உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்தும், பெல்ட் ஸ்பேனர் போட்டும் பார்த்துவிட்டேன். பெல்ட் வழுக்குகிறது, தகரம் ஒரு பக்கம் நசுங்கிவிட்டதால் மூடி போன்ற சாக்கெட்டும் இனிப் பொருந்தாது. ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே அடித்து இறக்கித் திருப்பச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். ஆனால் தகரம் கிழிந்து அடித்தட்டு மட்டும் இன்ஜினோடு நின்றுவிட்டால், பிடிப்பதற்கே எதுவும் இராது என்பதால் தயங்குகிறேன்.

சங்கிலி ஸ்பேனர் பயன்படுத்தியவர்கள், எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகிலுள்ள இடுக்கில் அது நுழையுமா என்றும், அடித்தட்டின் விளிம்பில் உளி வைத்துத் தட்ட நேர்ந்தால் அலுமினியப் பரப்பில் கீறல் விழாமல் எப்படிக் காப்பது என்றும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.