பழைய ஐஃபோனில் பாதி ஸ்டைல் மட்டும் காணாமல் போவது ஏன்?

பாகான்_பையன்:
வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு சைட் செஞ்சு கொடுத்திருக்கேன். மெனு, கேட்டரிங் ஆர்டர், தாப்பாவ் (பார்சல்) நேரம், அவ்வளவுதான். ஃபிரேம்வொர்க் எதுவும் இல்ல, பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற சிஎஸ்எஸ் எல்லாம் கையால எழுதினது. நெஸ்டிங் (விதிக்குள்ள விதி எழுதுறது), கன்டெய்னர் குவெரி (பெட்டியோட அகலத்தைப் பார்த்து ஸ்டைல் மாத்துறது), ஹேஸ் செலக்டர் (உள்ள என்ன இருக்குன்னு பார்த்து ஸ்டைல் போடுறது)னு புதுசு எல்லாத்தையும் தாராளமாப் போட்டேன். என் லேப்டாப் குரோம்லயும் ஆண்ட்ராய்டுலயும் சுத்தமா இருக்கு.

முதலாளி ஐஃபோன் 7 வெச்சிருக்காரு. அதுல மெனு கார்டோட மஞ்சள் பின்னணி வருது, மூலை வளைவு வருது, பேடிங் (உள் இடைவெளி) மட்டும் இல்ல. எழுத்து விளிம்புல ஒட்டிக்கிட்டு நிக்குது. சாப்பாட்டுப் பேருக்கும் விலைக்கும் போட்ட ஸ்டைல் ஒண்ணுமே ஏறல. மொத்தமாப் போயிருந்தா புரியும், இப்படிப் பாதி எப்படிப் போகும்? குரோம் இறக்கிப் பார்க்கச் சொன்னேன், அதுலயும் அச்சு அசல் அதேதான். கவுண்டர்ல ஆர்டர் எடுக்கிற ஐபேட் ஏர் 2-வில மூணு பத்தியா வர வேண்டிய மெனு ஒரே பத்தியா நீளுது.

ஹேஸ் மேலதான் எனக்குச் சந்தேகம். புரட்டாசி ஆர்டர் தொடங்குறதுக்குள்ள சரி பண்ணணும். எல்லாத்தையும் பழைய முறைக்கே மாத்தி எழுதணுமா?

பாயான்_லெப்பாஸ்_வாசி:
ஐஃபோன் 7 வந்தது 2016-ல. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-ஐயே மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன்ல கைகழுவிருச்சு. முதலாளிய ஃபோன மாத்தச் சொல்லுங்க, வேலை முடிஞ்சது.

செந்தூல்_அக்கா:
முதலாளி மாத்திடுவாரு. அவர் கடைக்கு ஆர்டர் கொடுக்கிற பாட்டிங்க ஃபோன யாரு மாத்துறது? பேரன் புது ஃபோன் வாங்கினா பழசு பாட்டி கைக்குத்தான் போகும். வீட்டு விசேஷத்துக்கு எந்தக் கடைன்னு முடிவு பண்றதும் அவங்கதான்.

தம்பி, குரோம் இறக்கினதுல பிரயோஜனம் இல்ல. நம்ம ஊர் ஐஃபோன்ல எந்த பிரவுசர் போட்டாலும் உள்ள ஓடுறது ஆப்பிளோட வெப்கிட் எஞ்சின்தான். அது ஐஓஎஸ்ஸோட சேர்ந்துதான் புதுசாகும். ஐஃபோன் 7 ஐஓஎஸ் 15-லயே நின்னுடுச்சு, ஐபேட் ஏர் 2-வும் அதே கதைதான். ஆண்ட்ராய்டுல இந்தத் தொல்லை குறைவு. ஆண்ட்ராய்டு 8 ஃபோன்லகூட குரோம் 138 வரைக்கும் ஏறும், நீங்க சொன்ன மூணும் அதுக்குத் தெரியும்.

ஹேஸ் மேல பழி போடாதீங்க. அது ஆப்பிளோட பிரவுசர் சஃபாரி 15.4-லயே, 2022 மார்ச்லயே வந்தாச்சு. குரோமுக்கே அதுக்கப்புறம்தான் வந்துச்சு. உங்க குற்றவாளி நெஸ்டிங். சஃபாரிக்கு அது 16.5-லதான் கிடைச்சது.

பாதி மட்டும் ஏன் போச்சுன்னா, கார்டு விதியில முதல்ல பின்னணி, வளைவு எழுதியிருப்பீங்க. அப்புறம் & போட்டு தலைப்புக்கும் விலைக்கும் உள்விதிங்க. அதுக்குக் கீழதான் பேடிங். சரியா? பழைய பிரவுசர் மேலிருந்து படிச்சுக்கிட்டு வரும். பின்னணி தெரியும், வளைவு தெரியும், எடுத்துக்கும். & வந்ததும் முழிக்கும். புரியாதது வந்தா அடுத்த அரைப்புள்ளி வரைக்கும் தாண்டிப் போகணும்ங்கிறது சிஎஸ்எஸ்ஸோட சட்டம். சுருள் அடைப்புக்குள்ள இருக்கிற அரைப்புள்ளிங்க அந்தக் கணக்குல சேராது. அதனால உள்விதி அத்தனையும் தாண்டி, பேடிங் வரியையும் சேர்த்து முழுங்கிட்டு, அந்த வரி முடியிற இடத்துலதான் நிக்கும். பேடிங்குக்குக் கீழ இன்னொரு வரி இருந்தா அது வேலை செய்யும், சோதிச்சுப் பாருங்க.

எல்லாத்தையும் மாத்தி எழுத வேண்டாம். நெஸ்டிங் வெறும் எழுத்து முறை, உங்க கை வலிக்காம இருக்கிறதுக்கு. லைட்னிங் சிஎஸ்எஸ்னு சிஎஸ்எஸ்ஸ மாத்தித் தர்ற கருவி இருக்கு, அதுல டார்கெட்டா ஐஓஎஸ் 15 கொடுத்து ஓட்டினா அதுவே பிரிச்சுப் பழைய மாதிரி எழுதிக் கொடுத்துடும். கன்டெய்னர் குவெரி அப்படி இல்ல, அது பிரவுசர் செய்ய வேண்டிய வேலை. எந்தக் கருவியும் மாத்தித் தராது. சஃபாரி 16-க்கு முந்தினது அந்த பிளாக்கையே கண்டுக்காமப் போயிடும். அது நமக்கு நல்லதுதான். ஒத்தைப் பத்தி அமைப்ப வெளியில எழுதிட்டு, அகலமானா என்ன செய்யணுமோ அதை மட்டும் உள்ள வைங்க. பழைய ஃபோன்ல சாதாரணமா இருக்கும், உடைஞ்சு போகாது. டெக்ஸ்ட் ராப் பேலன்ஸ் (வரிகளை ஒரே நீளமா உடைக்கிறது) மாதிரி அலங்காரத்துக்கு எல்லாம் மெனக்கெடவே வேணாம், இல்லன்னா யாருக்கும் தெரியப் போறதில்ல.

ஹேஸ்லயும் ஒரு கண்ணி இருக்கு. அதை இன்னொரு செலக்டரோட கமா போட்டுச் சேர்த்து எழுதாதீங்க. ஒண்ணு புரியலன்னா மொத்த விதியும் போயிடும். விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்ல ஃபயர்ஃபாக்ஸ் 115-தான் கடைசி. ஹேஸ் ஃபயர்ஃபாக்ஸுக்கு 121-லதான் வந்துச்சு. அந்த மாதிரி கம்ப்யூட்டர் எந்தக் கடை ஆபீஸ் ரூம்லயும் ஒண்ணாவது இருக்கும்.

பாயான்_லெப்பாஸ்_வாசி:
பாட்டி விஷயம் சரிதான் அக்கா, ஒத்துக்கிறேன். ஆனா எதுவரைக்கும் இறங்குறது? எங்க அத்தை இன்னும் ஐஃபோன் 6 வெச்சிருக்காங்க.

செந்தூல்_அக்கா:
ஐஃபோன் 6 ஐஓஎஸ் 12-லயே நின்னது. அதுக்கு நான் இறங்க மாட்டேன். மெனுவும் ஃபோன் நம்பரும் படிக்க முடிஞ்சா போதும், அத்தை நேரா கூப்பிட்டுக்குவாங்க. அப்படியும் இறங்கணும்னா ஃபிளெக்ஸ் அமைப்புல கேப் (பெட்டிகளுக்கு நடுவுல விடுற இடைவெளி) வேலை செய்யாது. அதை, பிரவுசருக்கு இது தெரியுமான்னு கேக்குற சப்போர்ட்ஸ் விதி வெச்சும் கண்டுபிடிக்க முடியாது. கிரிட் அமைப்புல கேப் தெரிஞ்சாலே ஆமான்னு பதில் சொல்லிடும். பேசாம மார்ஜின் போட்டுக்குங்க.

பாகான்_பையன்:
அக்கா, நீங்க சொன்ன அதே வரிசையிலதான் எழுதியிருந்தேன்! லைட்னிங் போட்டேன், ஐஓஎஸ் 15 கொடுத்தேன், முதலாளி ஃபோன்ல கார்டு முழுசா வந்துடுச்சு. ஐபேட் மட்டும் இன்னும் ஒரே பத்தி. அகலத் திரைக்குத் தனி ஃபைல் வெச்சிருக்கேன். எச்டிஎம்எல்ல லிங்க் போடுற இடத்துல, அகலம் 700 பிக்சலுக்கு மேலன்னா எடுன்னு மீடியா நிபந்தனை இருக்கு.

செந்தூல்_அக்கா:
அந்த நிபந்தனைய >= குறி போட்டு எழுதியிருக்கீங்களா? சஃபாரிக்கு அது 16.4-லதான் புரிய ஆரம்பிச்சது. சிஎஸ்எஸ் ஃபைலுக்குள்ள இருந்திருந்தா லைட்னிங்கே மாத்தியிருக்கும். எச்டிஎம்எல்ல இருக்கிறத அது திறந்துகூடப் பார்க்காது. அங்க மட்டும் கையால மின்-விட்த் 700 பிக்சல்னு மாத்துங்க. படம் காட்டுற பிக்சர் டேக்ல சோர்ஸ் போட்டிருந்தா அதுலயும் மீடியா இருக்கான்னு ஒரு தடவை தேடிப் பார்த்துடுங்க.