மென்பவளத் தொட்டியில் நீங்கள் பார்த்தது என்ன?

வேளச்சேரி, சென்னை

உப்புத் தண்ணீர்த் தொட்டி வைப்பது எப்படி என்று சொல்ல வீடியோக்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. இங்கே அது வேண்டாம். உங்கள் தொட்டியில் உங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள். பவளம் செய்தது, மீன் செய்தது, இரண்டும் சேர்ந்து செய்தது, எதுவானாலும் சரி. நானே ஆரம்பிக்கிறேன்.

என்னுடையது நாலடித் தொட்டி, முழுக்க மென்பவளம். ஒரு கோடியில் ஒரு டோட்ஸ்டூல் லெதர், காளான் வடிவில் தோல் போன்ற சதையுள்ள சார்க்கோஃபைட்டான் இனம். ஒரு நாள் அதன் பாலிப் எல்லாம், மேலே பூப்போல நீட்டி நிற்கும் சின்னச் சின்ன உயிர்கள், உள்ளே இழுத்துக்கொண்டன. மேல்பாகம் சுருங்கி, மெழுகு தடவியது போலப் பளபளத்தது. அப்படியே நாள்கணக்கில் நின்றது. வீட்டில் எல்லோரும் அது செத்துவிட்டதாகவே முடிவு கட்டினார்கள். ஆனால் சாகிற லெதர் வேறு மாதிரி இருக்கும். சதை கரையும், அடிப்பாகம் கறுக்கும், தண்ணீருக்கு மேலேயே நாற்றம் தெரியும். இது தோல் உரிப்பது. மேலே படிகிற பாசியையும் அழுக்கையும் ஒரு சவ்வோடு சேர்த்து அவ்வப்போது கழற்றிவிடுவது லெதர்களின் பழக்கம். சில நாளில் முடியலாம், இரண்டு வாரம்கூட இழுக்கலாம். அந்த நேரத்தில் இடம் மாற்றுவதும், மருந்து ஊற்றுவதும், விளக்கைக் கூட்டிக் குறைப்பதும் வேண்டாத வேலை. தண்ணீரை ஓடவைக்கும் சின்ன பம்ப்பான வேவ்மேக்கரைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பினால் போதும், சவ்வு கிழிந்து மிதந்து போய்விடும்.

நான் சொல்ல வந்த விஷயம் இதற்கு அப்புறம் நடந்தது. பழைய தொட்டியைக் கலைத்த ஒருவரிடமிருந்து பெரிய சினுலேரியா ஒன்று வந்தது, அதுவும் ஒரு லெதர்தான். அதைத் தொட்டியின் மறுகோடியில் வைத்தேன், டோட்ஸ்டூலுக்கும் அதற்கும் நடுவே இரண்டடிக்கு மேல் இடைவெளி. மறுநாளே டோட்ஸ்டூல் மூடிக்கொண்டது. இந்தத் தடவை மெழுகுப் பளபளப்பு இல்லை. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 26 டிகிரி, எல்லாம் ஒழுங்கு. தொட்டிக்குக் கீழே தண்ணீர் வடிகட்ட வைத்திருக்கும் சம்ப்பில் ஒரு பை நிறையப் புதுக் கார்பன், அதாவது ரசாயனத்தை உறிஞ்சும் கரி, போட்டேன். அடுத்த நாள் மாலைக்குள் பாலிப் வெளியே வந்துவிட்டது. கார்பன் பழசானதும் மறுபடி மூடியது, மாற்றியதும் திறந்தது.

காரணம் சினுலேரியா விடுகிற டெர்பீன் என்ற ரசாயனம். மென்பவளத்துக்கு ஓடத் தெரியாது, கல் கூடு கிடையாது, கடினப் பவளங்களைப் போல வலுவாகக் கொட்டவும் முடியாது. அதனால் தண்ணீரிலேயே ரசாயனத்தைக் கலந்துவிட்டுச் சண்டை போடும். கடலில் அது அடித்துக்கொண்டு போய்விடும், நானூறு லிட்டரில் எங்கே போகும்? வெறும் லெதர் தொட்டிதானே, அமைதியான தொட்டி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

கோயம்புத்தூர்

அண்ணா, எங்கள் வீட்டில் சண்டை இல்லை, ஆட்டம்தான். சீனியா என்கிற துடிக்கும் மென்பவளம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பாலிப்பிலும் எட்டுக் கை, விரிந்து மூடி விரிந்து மூடி நாள் முழுக்க ஓயாது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் மீனைப் பார்ப்பதே இல்லை, இதன் முன்னால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

இது ஏன் துடிக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். சாப்பாட்டைப் பிடிக்க என்று நினைத்தால், இது எதையும் பிடித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. செங்கடலில் ஏலாத் கரையோரம் இதன் நெருங்கிய இனத்தை வைத்து இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. துடிக்கும்போது பவளத்தை ஒட்டி நிற்கிற தண்ணீர் கலைந்து, அதிலிருக்கும் ஆக்சிஜன் வெளியே போகிறது. சதைக்குள் குடியிருக்கும் பாசிக்கு ஆக்சிஜன் மிஞ்சினால் ஒளிச்சேர்க்கை மந்தமாகும். ஆக, தனக்குச் சோறு போடுகிற பாசிக்கு இது விசிறிவிடுகிறது. இரவிலும் துடிக்கும், பிற்பகலில் மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தும் என்று அதில் இருந்தது. அதைப் படித்ததிலிருந்து நானும் பிற்பகலில் கண் வைத்திருக்கிறேன். என் தொட்டியில் அப்படி ஒழுங்கான ஓய்வு நேரம் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் மாற்றிய அன்று மட்டும் எல்லாம் ஒன்றாக நிற்கும், பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும்.

இன்னொன்று. சீனியாவுக்குப் பளிங்குத் தண்ணீர் பிடிக்காது. நைட்ரேட் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) பக்கம் இருக்கும்போதுதான் என்னுடையது செழிக்கிறது. அதற்காகக் குழாய்த் தண்ணீர் கூடாது. சிறுவாணித் தண்ணீர்தான் எங்களுக்குப் பெருமை, ஆனாலும் அதில் குளோரின் உண்டு, ஆர்ஓ, டிஐ என்ற இரண்டு சுத்திகரிப்பும் தாண்டி, கரைந்திருக்கும் பொருள்களின் அளவான டிடிஎஸ் பூஜ்யம் காட்டினால்தான் உப்பைக் கரைப்பேன். இப்போது சீனியா பாறை தாண்டிப் பின் கண்ணாடியிலும் ஏறிவிட்டது. யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன்.

மதுரை

ஆட்டம் பாட்டம் எல்லாம் சரி, ஆபத்தையும் எழுதிவிடுகிறேன். எனக்கு நடந்ததல்ல, நண்பர் வீட்டில் நடந்தது, நான் கூட இருந்தேன்.

ஸோவா எல்லோருக்கும் தெரியும். கலர் கலராகப் பொத்தான் பொத்தானாக இருப்பது. கடையில் மென்பவளம் என்றே விற்பார்கள், உண்மையில் வேறு வகை. அதில் சிலவற்றில், முக்கியமாகப் பாலித்தோவா என்கிற பழுப்பு நிறப் பெரிய வகையில், பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. உயிரினங்கள் உண்டாக்கும் விஷங்களில் மிகக் கொடியவற்றில் ஒன்று. நண்பரின் தொட்டியில் அது ஒரு பாறையை முழுக்க மூடிவிட்டது. பாறையை மீட்க வேண்டும் என்று வெளியே எடுத்து வைத்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்தார் அவருடைய தம்பி. சமையலறையில், ஜன்னல் சாத்தி, ஏசி ஓட.

சாயந்திரம் தம்பிக்கு வாயில் கசப்பு, இருமல், நெஞ்சு இறுக்கம். ராத்திரி குளிர்க் காய்ச்சல். பாறையைத் தொடாமல் பக்கத்து அறையில் இருந்த அம்மாவுக்கும் அதேதான். ஆவியோடு கிளம்பிய விஷத்தை மூச்சில் இழுத்திருக்கிறார்கள். மருத்துவமனையில் டூட்டி டாக்டருக்குப் பவளத்தில் விஷம் என்பது புதுச் செய்தி, ஃபுட் பாய்சனா என்றுதான் முதலில் கேட்டார். பாலிடாக்சின் என்று எழுதிக் காட்டிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது. மாற்று மருந்து கிடையாது. ஆக்சிஜன் வைத்து, அறிகுறிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் தேறிவிட்டார்கள்.

வெளிநாடுகளிலும் இதேபோல் வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. ஸோவா ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போடாதீர்கள், மைக்ரோவேவில் வைக்காதீர்கள். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஒரு துளி கண்ணில் தெறித்தாலே கண் போகலாம். சும்மா தொட்டியில் இருக்கிறவரை அது பாட்டுக்கு இருக்கும், அதற்காகப் பயந்து தூக்கிப் போட வேண்டாம்.

பெரும்பாக்கம், சென்னை

மிக்ஜாம் புயல் சமயத்தில் தொட்டி வைத்திருந்த யாரும் 2023 டிசம்பர் 4ஐ மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பகுதியில் விடியும் முன்பே கரண்ட் போனது, திரும்பி வர நாள்கணக்கானது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், தொட்டிக்கு ஊற்ற ஒரு குடம் ஆர்ஓ தண்ணீர் இல்லை.

இன்வெர்ட்டர் இருந்தால் எல்லாவற்றையும் ஓட்டத் தோன்றும். நான் விளக்கு, கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் மூன்றையும் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு சின்ன வேவ்மேக்கரை மட்டும் மேற்பரப்பு குலுங்கும்படி திருப்பி வைத்தேன். வெளிச்சம் இல்லாமல் மென்பவளம் சில நாள் தாங்கும், ஆக்சிஜன் இல்லாமல் மீன் சில மணி நேரம்கூடத் தாங்காது. இருட்டில் பாசியும் ஆக்சிஜன் தராது, பவளமும் பாறையில் உள்ள பாக்டீரியாவும் எடுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் இன்வெர்ட்டரும் படுத்தது. பவர் பேங்க்கில் யுஎஸ்பி ஏர் பம்ப்தான் மிச்சத்தை ஓட்டியது.

டார்ச் அடித்துப் பார்த்தால் தொட்டி வேறு ஊராகத் தெரிந்தது. பகலில் கண்ணில் படாத, முள்மயிர் கொண்ட பிரிஸில் புழுக்கள் மணல் முழுக்க. சிக்ஸ்லைன் ராஸ் என்ற சின்ன மீன் பாறை இடுக்கில் தன்னைச் சுற்றிச் சளியால் ஒரு கூடு கட்டி அதற்குள் தூங்குகிறது, இத்தனை காலம் வளர்த்தும் அன்றுதான் பார்த்தேன். டாங் மீன் மட்டும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியது. பெரிய உடம்பு, எப்போதும் நீந்துகிற மீன், அதற்குத்தான் ஆக்சிஜன் அதிகம் வேண்டும். இரண்டாம் நாள் காலையில் அது போய்விட்டது. உடனே எடுத்துவிட்டேன், விட்டிருந்தால் அழுகி மற்றதையும் கொண்டுபோயிருக்கும். கோமாளி மீன்களும் கோபியும் தப்பின. லெதர், ஸ்டார் பாலிப் எல்லாம் சுருங்கிக் கிடந்து, விளக்கு வந்த சில நாளில் எதுவுமே நடக்காதது போல விரிந்தன.

சம்ப் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள்: கரண்ட் போனால் மேல் தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீர் முழுவதும் சம்ப்பில் பிடிக்க வேண்டும். இதற்குப் புயல் வரக் காத்திருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

சிங்கப்பூர்

இங்கே கரண்ட் போவதில்லை, அதனால் என் கதை குடும்பக் கதை. வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், ரெண்டரையடித் தொட்டி. ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் ஜோடி ஒன்று. கோமாளிகள் வழக்கமாகக் குடியிருக்கும் அனிமோன் (கடற்சாமந்தி) வைக்கவில்லை, அது ராத்திரியில் நடந்து போய் வேவ்மேக்கரில் சிக்கிக்கொள்ளும் சாதி. கோமாளிகள் டோட்ஸ்டூல் லெதரையே வீடாக்கிக்கொண்டன. முதலில் லெதருக்குப் பிடிக்கவில்லை, இவை உரச உரச மூடிக்கொண்டே இருந்தது. பிறகு பழகிவிட்டது.

பெரியது எப்போதும் பெண், சின்னது ஆண். பெரியம்மா, அதாவது அந்தப் பெண் மீன், ஒரு நாள் மூடியின் இடைவெளியில் குதித்துத் தரையில் கிடந்தாள். சின்னவர் சில நாள் லெதரை விட்டே வெளியே வரவில்லை. பிறகு சாப்பிட ஆரம்பித்தார், நன்றாகவே சாப்பிட்டார், கண்ணெதிரே பருத்தார். குஞ்சு மீன் ஒன்றை வாங்கி விட்டேன். விரட்டினார், துடுப்பைக் கடித்தார். குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை வெடவெடவென்று உதறும், சரணாகதி என்று அர்த்தம். மாதக்கணக்கில் இப்படியே போனது. கடைசியில் லெதரின் காலடியில், பாறையில், ஆரஞ்சு நிற முட்டைகள். இட்டது யார் தெரியுமா? பழைய சின்னவர்தான். கோமாளி மீன் எல்லாமே ஆணாக வாழ்வைத் தொடங்கும், மேலே இடம் காலியானால் பெண்ணாக மாறும், திரும்ப ஆணாகாது. படித்திருந்தேன்தான். ஆனாலும் வரவேற்பறையில் நடந்தபோது நம்பக் கஷ்டமாக இருந்தது.

தூத்துக்குடி

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். என்னிடம் தொட்டி கிடையாது, அப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் கடல் தொழில். நீங்கள் சொல்கிற லெதரை நாங்கள் பார் மேலேயே, அதாவது கடலடிப் பவளப்பாறை மேலேயே, பார்க்கிறோம். ஆனால் ‘அண்ணே, ரெண்டு கல்லு எடுத்துக் குடுங்க’ என்று ஊருக்கு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே எதையும் எடுக்கக்கூடாது, செத்த கல்லைக்கூட. பூங்காவுக்கு வெளியே என்றாலும் கடினப் பவளம் எல்லா வகையும், கடல் விசிறி, ஆர்கன் பைப் பவளம், நெருப்புப் பவளம், கறுப்புப் பவளம் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் குதிரையும் அப்படித்தான். முன்பு சுண்ணாம்புக் காளவாசலுக்காகப் பாரை வெட்டி வெட்டியே நிறைய அழிந்தது. மிச்சம் 2010இலும் 2016இலும் தண்ணீர் சூடாகி வெளுத்தது. அதனால் கடைக்காரர் ‘லோக்கல் ராக் சார், சீப்பா தர்றேன்’ என்றால் நகர்ந்துவிடுங்கள். மாட்டினால் பெயிலுக்கு அலைய வேண்டியது நீங்கள்தான்.

கோமாளி மீன் வேண்டுமென்றால் கடலிலிருந்து பிடித்தது தேவையில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் குஞ்சு பொரிக்க வைக்கிற முறை எப்போதோ கைவந்துவிட்டது. பொரித்து வளர்த்த மீன் தீனிக்கும் சீக்கிரம் பழகும்.

வேளச்சேரி, சென்னை

தூத்துக்குடி அண்ணாச்சிக்கு நன்றி. பாறை விஷயத்தில் நான் சேர்க்க ஒன்று உண்டு. செராமிக்கில் செய்த செயற்கைப் பாறை இப்போது நன்றாகவே கிடைக்கிறது. சைக்கிள் ஆக, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேற, நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் எது செயற்கை என்று உங்களுக்கே தெரியாது. பவளத்தையும் வளர்ப்பவரிடமிருந்தே துண்டு வாங்குங்கள். லெதரைக் கூர்மையான கத்தியால் வெட்டினால் தாய்க்கு மறுபடி தலை முளைக்கும், வெட்டிய துண்டும் தனியாக வளரும். சளி விடுவதால் சூப்பர் குளூ பிடிக்காது, வலைத்துணியோடு கட்டி வைத்தால் பத்துப் பதினைந்து நாளில் பிடித்துக்கொள்ளும். வெட்டுகிற அன்று கார்பன் மறக்க வேண்டாம், வீட்டுக்காரர்களை வெளியே அனுப்பவும் மறக்க வேண்டாம். நாற்றம் அப்படி.

திருச்சி

புதியவன் நான். 60 லிட்டர் தொட்டி சைக்கிள் ஆகித் தயாராக இருக்கிறது. கோவை அக்கா, அந்தச் சீனியா எனக்குக் கிடைக்குமா? கூரியரில் அனுப்ப முடியுமா?

கோயம்புத்தூர்

கூரியர் வேண்டாம் தம்பி. வழியில் சீனியா கரைந்தால் பையிலிருக்கும் தண்ணீர் மொத்தமும் சாக்கடை ஆகிவிடும். மூடி போட்ட வாளி ஒன்றும் பேட்டரி ஏர் பம்ப்பும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை நேரில் வா. ஆனால் முக்கியப் பாறையில் வைக்காதே, மணல் நடுவே தனிக் கல்லில் வை. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் நீயும் சும்மா கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருப்பாய்.