புகைக்காத அம்மாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய்: உங்கள் அனுபவங்கள்?

நிலவொளி:
அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அப்பா முப்பது ஆண்டுகளாக நாளுக்கு ஒரு பாக்கெட். கழுத்தில் வலியில்லாத கட்டி, தலையணை நனையும் இரவு வியர்வை, பயாப்சி, ஃபாலிகுலர் எனும் நிணநீர்ப் புற்றுநோய் வகை. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். "வீட்டில் யாராவது புகைப்பார்களா?" என்று மருத்துவர் கேட்டார். அப்பாவின் கை சட்டைப் பையைப் பொத்தியது. அதைப் பார்த்த அம்மா, "யாரும் இல்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

கதிர்:
அப்பாதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிறர் விடும் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி. புகைப்பவர்களின் மனைவியரிடம் அதை 1981இலேயே ஜப்பானில் ஹிரயாமா என்ற ஆய்வாளர் காட்டினார். நிணநீர்ப் புற்றுநோயில் அந்த உறுதி இல்லை. சில ஆய்வுகளில் தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. என் மனைவிக்கு ஹாட்ஜ்கின் என்ற இன்னொரு வகை நிணநீர்ப் புற்றுநோய். எங்கள் வீட்டில் ஒருவரும் புகைத்ததில்லை. "கோபப்படக்கூட ஆள் இல்லையே" என்று ஒரு நாள் அழுதாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

தென்றல்:
கதிர், உறுதியில்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் என் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து புகைத்தார். உள்ளறையில் தம்பி கீமோ முடிந்து படுத்திருந்தான். புகையில் பென்சீன் இருக்கிறது. அது ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இது போதாதா?

நிலவொளி, முதலில் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைப்பதாலோ வேறு அறையில் புகைப்பதாலோ பயனில்லை. காற்றோட்டத்தால் இந்தப் புகையை முழுதாக அகற்ற முடியாது, பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கிடையாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006 அறிக்கையே சொல்கிறது. கீமோவின்போது வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். நெஞ்சுச் சளி வந்தால்கூட ஆபத்து. அப்பா வீட்டுக்கு வெளியே போய்ப் புகைக்கட்டும், சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே வரட்டும். விட முயன்றால் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டைகள், மெல்லும் கம் உண்டு. மன உறுதி மட்டும் போதும் என்று அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள்.

நிலவொளி:
நான் அப்பாவைக் குற்றம் சொல்லவே இல்லை, கதிர். நோய் எதனால் வந்தது என்பதைவிட, அம்மா அந்த நிலையிலும் அவரைக் காப்பாற்றினாரே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பழைய மரம்:
நான் அந்த அப்பாவின் இடத்தில் இருந்தவன். நோய் என் மகளுக்கு. கீமோவின் ஆறாவது சுழற்சி முடிந்த அன்று, வெளியே போய் ஒன்று பிடித்துவிட்டு அவளிடம் ஓடினேன். சிரித்தபடி கைகளை நீட்டினாள். நான் அணைத்திருந்த அத்தனை நேரமும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.